நாடிக் கோர்ட்டு

உலகத்திலேயே பொய் முழுசாக ஒழிந்துபோன ஊர் எது என்று யாராவது கேட்டால், கூசாமல் மதுரை தல்லாகுளம் என்று சொல்லிவிடலாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் பங்குனி பிறந்ததிலிருந்து மூன்றே முக்கால் மாதத்துக்கு அங்கே ஒரு ஜீவனாலும் பொய் சொல்ல முடியவில்லை. வாயைத் திறக்குமுன்பே கடிகாரம் வைத்துப் பிடித்துவிட்டார்கள். சீமையில்கூட இப்படி ஒரு காரியம் நடந்ததாகக் கேள்வி இல்லை.

இந்த மகத்தான கைங்கரியத்தைச் செய்தவர் ராவ்சாகிப் உக்கிரபாண்டி. அரிசி மில் முதலாளி, ஆனரரி மாஜிஸ்திரேட். 'ஆனரரி' என்றால் சம்பளம் கிடையாது. சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. இரண்டு தொந்தரவும் இல்லாததால் அவருடைய நீதி சுத்தமாக இருந்தது. அவர் உட்கார்ந்த இடத்துக்குப் 'பெஞ்சு' என்று பேர். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஒரு நாற்காலிதான். அதுவும் ஒரு வாடகை மெத்தை வீட்டின் மாடியில். கைப்பிடி இல்லாத முப்பத்தோரு படி ஏறித்தான் நீதியை அடைய வேண்டும். ராவ்சாகிப் காலை ஒன்பது மணிக்கே ஏறிவிடுவார். ஏறியதும் சாய்ந்து உட்கார்ந்து, மோர் குடித்து, விசிறி போடச் சொல்லி, பதினோரு மணிக்கு நீதியை ஆரம்பிப்பார்.

அங்கே கிளார்க்காக இருந்தவர் கண்ணுச்சாமி. ஒன்றரை வருஷமாக 'ஆக்டிங்'. அவர் சம்சாரம் ராமக்காள் குழாயடியில், "எங்க வீட்டுக்காரரு ஆக்டிங்ல இருக்காரு" என்று பெருமையாகச் சொன்னபோது, எந்த டிராமா கம்பெனி என்று கேட்டவர்கள் உண்டு. வேலை நிரந்தரம் ஆவதற்கு ராவ்சாகிபின் ஒரு கையெழுத்து பாக்கி. காகிதம் மேஜை இழுப்பறையில் தூங்கியது. கண்ணுச்சாமி தூங்கவில்லை.

பங்குனி மாதம் டவுனில் ஒரு மண்டபத்தில், பட்டணத்திலிருந்து வந்த ஒரு 'புரொபசர்' மாஜிக் லாந்தர் காட்டி உபந்நியாசம் செய்தார். தலைப்பு: இருதயமும் அதன் யோக்கியதையும். வாய் பொய் சொல்லும், கண் பொய் சொல்லும், இருதயத்துக்கு மட்டும் அந்த சாமர்த்தியம் கிடையாது. பொய்யனுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும் என்று அவர் சொன்னார். அடுத்த அரை மணியில், செகண்டு முள் தனியாக ஓடுகிற ஜேபிக் கடிகாரம் ஒன்றை ராவ்சாகிப் தலையில் கட்டிவிட்டு ரயிலேறினார்.

மறுநாளே உத்தரவு பிறந்தது. 'சாட்சிகள், எதிரிகள், பிராதுக்காரர்கள் மற்றும் படியேறி வரும் சகலருக்கும் நாடி பிடித்துப் பார்க்கப்படும்.' எண்ணுகிறவர்: ஆக்டிங் கிளார்க்.

முதல் நாள் முதல் சாட்சி ஒச்சாயி. கீரை விற்கிறவள். ஒரு தெருச்சண்டையில் பார்த்ததைச் சொல்ல வந்திருந்தாள்.

"நாடியைப் பிடி!" என்றார் ராவ்சாகிப்.

கோர்ட்டுச் சேவகன் முத்திருளன் உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றுகிறவன். மதுரைப் பக்கத்தில் நாடி என்றால் மோவாய். பிறந்தது முதல் அப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறான். கிளார்க் முக்காலியை நகர்த்தி எழுந்திருப்பதற்குள் நேரே போய் ஒச்சாயியின் மோவாயை ஐந்து விரலாலும் அள்ளிப் பிடித்தான்.

"எட்றா கைய!" என்றாள் ஒச்சாயி. "என்னத்துக்கு நாடியப் பிடிச்சுக் கெஞ்சுற? நான் உள்ளதச் சொல்லத்தானே வந்துருக்கேன்? எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் ஒருநா இப்பிடிக் கெஞ்சுனதில்ல. சர்க்காரு வந்து கெஞ்சுது!"

சாயங்காலத்துக்குள் சேதி காளவாசல் வரைக்கும் போய்விட்டது. 'தல்லாகுளத்துல சர்க்காரு ஒவ்வொருத்தன் நாடியா பிடிச்சு, உண்மையச் சொல்லுப்பா, உண்மையச் சொல்லுப்பான்னு கெஞ்சுதாம்ல!' ராவ்சாகிபுக்கு வந்த கோபத்தில், நாடி என்ற வார்த்தையையே கோர்ட்டுக்குள் தடை செய்தார். இனிமேல் 'பல்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள், "பல்ஸைக் காட்டு" என்றதும் வந்த சாட்சி ஈயென்று இளித்து முப்பத்திரண்டையும் காட்டினார். அதற்கு மேல் வார்த்தையை மாற்றினால் கோர்ட்டின் கௌரவம் என்ன ஆவது? பல்ஸே நிலைத்தது. வெளியே மட்டும் நாடிக் கோர்ட்டு என்றே பேர் விழுந்துவிட்டது.

சட்டம் மிகவும் சுருக்கம். நிமிஷத்துக்கு எண்பது வரை அடித்தால் உண்மை. எண்பதிலிருந்து நூறு வரை கலப்படம். நூறுக்கு மேலே போனால் கலப்பில்லாத பொய். ஆளுக்கு ஒரு தடவைதான் எண்ண வேண்டும்; நீதியை இரண்டு தடவை எண்ணக்கூடாது. வக்கீல் வாதம், குறுக்கு விசாரணை போன்ற பழங்காலத்துச் சடங்குகள் எல்லாம் போயின. ஒரு நாளைக்கு நான்கு கேஸ் முடிந்த இடத்தில் பதினெட்டு முடிந்தது. மேலதிகாரிகள் பாராட்டிக் கடுதாசி எழுதினார்கள்.

தபால் ரன்னர் விருமாண்டி கேஸைப் பற்றி இன்றைக்கும் பேச்சுண்டு. பதினெட்டு வருஷமாகத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆள். மச்சினன் தலையில் கம்பால் அடித்ததாகப் பிராது. ஆறு தையல் போட்ட தலையோடு மச்சினன் எதிரே நிற்கிறான்.

"அடிச்சியா?"

"தொடவே இல்ல சாமி."

கண்ணுச்சாமி எண்ணினார். நாற்பத்தெட்டு. ராவ்சாகிப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சத்தியமே நேரில் வந்ததுபோல் அவனைப் பார்த்தார். தையல் போட்ட தலைக்கு நூற்றுப் பன்னிரண்டு. அவனே தன் தலையை உடைத்துக்கொண்டு பழி போட்டான் என்று தீர்ப்பாயிற்று. விருமாண்டி முப்பத்தோரு படியையும் மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கிப் போனான்.

இன்னொரு நாள் சாட்சி சொல்ல வந்தவள் இடுப்பில் மூன்று மாதக் குழந்தை. 'படியேறி வரும் சகலருக்கும்' என்று உத்தரவில் இருக்கிறதே! எண்ணினார்கள். நூற்று முப்பத்தாறு. ரிஜிஸ்தரில் அந்தப் பதிவு இப்படி இருக்கிறது: 'பெயர்: இன்னும் வைக்கவில்லை. தொழில்: பால் குடித்தல். முடிவு: கலப்பில்லாத பொய்.'

கண்ணுச்சாமிக்கு எண்ணிக்கை தவறக்கூடாது என்ற பயம். வீட்டில் பழகிப் பார்த்தார். முதலில் அகப்பட்டது ராமக்காளின் கை.

"நூத்திப் பத்து," என்றார் கண்ணுச்சாமி. குரல் மாறிவிட்டது. "எங்கிட்ட எதையோ மறைக்கிற."

"ஆமா, மறைக்கிறேன். நாலு படி மாவு ஆட்டிட்டு இப்பத்தான எந்திரிச்சேன்? அதுக்குள்ள நெஞ்சு என்ன தாலாட்டா பாடும்? வேணும்னா நீங்க ரெண்டு படி ஆட்டிட்டு உங்க கையப் பிடிச்சுப் பாருங்க."

பார்த்தார். ஒரு படிக்கே நூற்றிருபது. அன்று பிடித்தது அவருக்கு ஒரு சபலம். யாருக்கும் தெரியாமல் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டார். உட்கார்ந்திருந்தால் எழுபது, எழுந்து நின்றால் எழுபத்தெட்டு. கிளப்பில் காப்பி குடித்தபின் எண்பத்தாறு. பொடி போட்டால் நான்கு கூடுகிறது. சித்திரை வெயிலில் தெருக்கோடி வரை போய்வந்தால் தொண்ணூற்றெட்டு. கோர்ட்டுப் படி ஏறியதும் நூற்றுப்பதினெட்டு. கால் மணி நேரம் உட்கார்ந்தால் பழையபடி எழுபது. காய்ச்சல் அடித்தபோது உட்கார்ந்த இடத்திலேயே நூற்றிரண்டு. மாமனார் வருவதாகக் கார்டு வந்ததும் நூற்று நான்கு. பொய்க்கென்று தனியாக ஒரு கணக்கு வருமா என்று, மளிகைக்கடை நல்லண்ணனிடம் "நாளைக்குக் கட்டாயம் தாரேன்" என்று சொல்லிவிட்டு எண்ணினார். எழுபது. பழகிய பொய் ஆகையால் நெஞ்சு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆக, ராவ்சாகிப் பிடித்ததெல்லாம் பொய்யை அல்ல, முப்பத்தோரு படியைத்தான் என்பது தல்லாகுளத்தில் ஒரே ஒருத்தருக்குத் தெரியும். அவர் அந்த நோட்டை அரிசிப்பானைக்குள் வைத்தார். கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பது ஆபீஸ் ஒழுங்கு. யாரும் கேட்கவில்லை.

வைகாசி கடைசியில் மருது கேஸ் வந்தது.

மருதுவுக்கு வாடிப்பட்டிக்குப் பக்கத்து ஊர். நல்லகாமன் என்ற பெரிய பண்ணைக்காரரிடம் பதினோரு வருஷம் கிணற்றடியில் மாடு கட்டிக் கமலை ஓட்டினவன். பஞ்சு மில்லில் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டுப் பண்ணையை விட்டு நின்றுகொண்டான். நின்ற மூன்றாம் நாள், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற இரும்புச் சால் ஒன்றைக் காணோம், மருதுதான் திருடினான் என்று பிராது. தண்டனை ஆனால் மில் வாசலில் கால் வைக்க முடியாது. போலீஸ் புத்தகத்தில் பேர் ஏறிவிடும். பிறகு ஊரில் கோழி காணாமல் போனாலும் அவன்தான். திரும்பிப் பண்ணைக்கே போய் விழ வேண்டியதுதான். நல்லகாமனுக்கு வேண்டியதும் அதுதான்.

பதினோரு மணிக்கு ஆஜர். தவறினால் வாரண்டு. மருதுவையும் அவன் பெண்சாதி தங்கப்பொண்ணையும் ஏற்றிவந்த பஞ்சு வண்டி காளவாசலோடு நின்றுவிட்டது. அங்கிருந்து ஓட்டம். ஆற்று மணலில் இறங்கி, ஏறி, வெயிலில் ஓடி, படியில் ஏறி மருது உள்ளே வந்து நின்றபோது மணி பதினொன்றடித்தது. வாய் திறந்தபடி இருக்கிறது, பேச்சு வரவில்லை.

"பல்ஸ்!" என்றார் ராவ்சாகிப்.

கண்ணுச்சாமி கையைத் தொட்டார். கை நெருப்பாய்க் கொதித்தது. உள்ளே மில் ஓடுகிற மாதிரி இருந்தது. நூற்று முப்பத்தெட்டு. எழுதினார்.

"குழந்தையைவிட ரெண்டு கூட," என்றார் ராவ்சாகிப், வருத்தத்தோடு. "இவ்வளவு பெரிய பொய்யை இந்தக் கட்டடம் தாங்கியதில்லை."

"சாமி, ஓடி வந்தாரு சாமி!" என்றாள் தங்கப்பொண்ணு. அவளுக்கும் இளைப்பு, ஆனால் பேச்சு நிற்கவில்லை. "காளவாசல்லருந்து ஒரே ஓட்டம். ஓடி வந்த நெஞ்சு அடிக்காம வேற என்ன செய்யும்? சும்மாவே கெடந்தாத்தான் சந்தேகப்படணும்!"

"குற்றமில்லாதவன் ஏனம்மா ஓடுகிறான்?" என்றார் ராவ்சாகிப்.

இந்தக் கேள்விக்கு மதுரை ஜில்லாவில் எவராலும் பதில் சொல்ல முடியாது.

அடுத்து நல்லகாமன். முந்தின நாளே வந்து ராவ்சாகிப் வீட்டில் விருந்தாளியாகத் தங்கி, காலை ஒன்பது மணிக்கு அவரோடேயே படியேறி, அவர் விசிறியிலேயே காற்று வாங்கி, அவர் மோரிலேயே பாதியைக் குடித்தவர். எழுபது. அவருக்குச் சாட்சி, காளை என்கிற ஒருவர். கோர்ட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அனுபவஸ்தர். ஒரே ராத்திரியில் வாடிப்பட்டியில் ஒரு திருட்டையும் காளவாசலில் இரண்டு அடிதடியையும் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தவர். அறுபத்து நான்கு.

"அந்தச் சாலு எங்கயும் போகல சாமி," என்றான் மருது. மூச்சு இப்போதுதான் வந்திருந்தது. "வடம் நைஞ்சு கெடந்துச்சு. அறுந்து கெணத்துக்குள்ளதான் விழுந்துருக்கும். ஒரு ஆள எறங்கிப் பாக்கச் சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

"ரிஜிஸ்தரில் இறங்கிப் பார்த்தாகிவிட்டது. கிணற்றில் வேறு இறங்க வேண்டுமா?" என்று சொல்லிவிட்டு ராவ்சாகிப் பலகாரத்துக்கு எழுந்தார்.

அந்த அரை மணியில் நடந்ததுதான் கண்ணுச்சாமிக்கு வினையாக முடிந்தது. மருது வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தங்கப்பொண்ணு முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். கண்ணுச்சாமிக்கு அரிசிப்பானை நோட்டு ஞாபகம் வந்தது. சபலம் விடவில்லை. சும்மா அந்தப் பக்கம் போகிறவர் போலப் போய் உட்கார்ந்து, மருதுவின் கையைப் பிடித்தார்.

எழுபத்து நான்கு.

மறுபடியும் எண்ணினார். எழுபத்து நான்குதான்.

"என்ன ஐயா, கொறஞ்சிருச்சா?" என்றாள் தங்கப்பொண்ணு. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "கொறஞ்சிருச்சுல்ல? அப்பச் சொல்லுங்க ஐயா! உள்ள போயி அந்த ஒரு வார்த்தையச் சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாப்போம்," என்றார் கண்ணுச்சாமி. ஆபீஸ் பாஷையில் அதற்கு ஆயிரம் அர்த்தம் உண்டு. சரி என்பது அதில் ஒன்றல்ல.

பலகாரம் முடிந்து வந்த ராவ்சாகிப் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார். இழுப்பறையைத் திறந்தார். ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். கண்ணுச்சாமிக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனாலும் தன் பேர் எவருக்கும் எந்தப் பக்கமிருந்தும் தெரியும். ராவ்சாகிப் பேனாவை மைக்கூட்டில் தோய்த்துக்கொண்டே, ஒழுங்குப்படி ஒரு கேள்வி கேட்டார். மூன்று மாதத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கிளார்க், எதிரியின் எண்ணிக்கையைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியது உண்டா?"

கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்பது ஒழுங்கு. கேட்டுவிட்டார்கள். மருது பார்த்தான். தங்கப்பொண்ணு பார்த்தாள். பேனா நுனியில் ஒரு சொட்டு மை விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் இல்லீங்க எசமான்," என்றார் கண்ணுச்சாமி.

கையெழுத்து விழுந்தது. அழகான கையெழுத்து. ராவ்சாகிப் அதன்மேல் ஒற்றுக்காகிதத்தை வைத்து அழுத்திவிட்டு, தீர்ப்பு எழுதிய தாளைக் கையில் எடுத்தார்.

அப்போதுதான் தங்கப்பொண்ணு சேவகனைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தாள். இனி கெஞ்சுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கண்ட பெண்பிள்ளை இந்தப் பக்கத்தில் என்ன செய்வாளோ, அதைச் செய்யக் கையை நீட்டினாள்.

"சாமி, உங்க நாடியப் பிடிச்சுக் கேக்குறேன்..."

கோர்ட்டு நடுங்கிப் போய்விட்டது. தடை செய்யப்பட்ட வார்த்தை! அதுவும் மாஜிஸ்திரேட்டின் நாடி! முத்திருளன் கண்ணை மூடிக்கொண்டான். ராவ்சாகிபின் மோவாய்க்கு ஒரு சாண் தூரத்தில் அவள் விரல்கள் அப்படியே நின்றன. மோவாயைக் குவித்துப் பிடிக்க நீண்ட கை. ஆனால் மூன்று மாதமாக மணிக்கட்டையே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது புரியவில்லை. சவால் விடுகிறாள் என்றே நினைத்தார். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெருமைதான் வந்தது.

"என் நாடியா? என் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டுமா உனக்கு? பேஷாகப் பார்! நீதிக்கு ஒளிவுமறைவு கிடையாது." சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை மேஜைமேல் வைத்தார். "கண்ணுச்சாமி! எண்ணும். நான் தீர்ப்பைப் படிக்கிறேன். நீர் எண்ணிக்கொண்டே வாரும். என் வாய் சொல்வதை என் நெஞ்சு ஒப்புக்கொள்கிறதா இல்லையா என்று இந்த அம்மாள் தெரிந்துகொள்ளட்டும்."

கண்ணுச்சாமி பிடித்தார். தடித்த, குளிர்ந்த, சந்தனம் மணக்கிற கை. ராவ்சாகிப் நிறுத்தி நிதானமாகப் படித்தார். எதிரி மருது... இரும்புச் சால் ஒன்று... திருடிய குற்றம் பல்ஸ் மூலம் ருசுவானபடியால்... ஒரு மாதம் கடுங்காவல்... 'கடுங்காவல்' என்கிற இடத்தில் மருது கீழே உட்கார்ந்துவிட்டான். நல்லகாமன் செருமினார். தங்கப்பொண்ணின் கை இன்னும் இறங்கவில்லை. கண்ணுச்சாமியின் விரலுக்கடியில் மட்டும் எதுவுமே நடக்காதது போல ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது.

"எத்தனை?"

"அறுபத்தாறுங்க எசமான்."

"ஆரம்பத்தில்?"

"அதே கணக்குலதான் ஓடுச்சுங்க."

"கடுங்காவல் என்றபோது?"

"ஒண்ணும் கூடலீங்க."

"எழுதும்!" என்றார் ராவ்சாகிப். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய எழுத்தில் எழுதும்!"

மருதுவைக் கீழே கொண்டுபோனார்கள். நல்லகாமன் ராவ்சாகிபோடு காரில் ஏறினார். சாட்சி காளை அடுத்த கேஸுக்கு வெற்றிலை மடித்தார். கூட்டம் கலைந்தபின் கண்ணுச்சாமி மட்டும் மாடியில் உட்கார்ந்து ரிஜிஸ்தரை முடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நிரந்தரம் ஆன காகிதம், மை காய்ந்துகொண்டிருந்தது.

தங்கப்பொண்ணு திரும்ப வந்து வாசற்படியில் நின்றாள். சண்டைக்கு வந்தவள் போல இல்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வந்தவள் போலத்தான் இருந்தாள்.

"ஐயா, நீங்கதான கையப் பிடிச்சுப் பாத்தீக? ஒரு சந்தேகம். எங்க வீட்டு ஆளுக்குக் காவல்னு சொன்னாகளே, அப்ப அந்தப் பெரிய மனுசருக்கு உள்ள நெசமாவே ஒண்ணு அடிச்சுச்சா? இல்ல, அடிக்கிறதாட்டம் நீங்களாத்தான் எழுதிக்கிட்டீகளா?"

"அடிச்சுதும்மா. அறுபத்தாறு."

"அப்ப சரி," என்றாள். "நெஞ்சு இருக்குது. இருந்தும் இப்பிடி." படியிறங்கிப் போய்விட்டாள்.

இதற்கு மேல் நடந்தது ராமக்காள் மூலமாகத் தெருவுக்கு வந்தது. ஆகையால் கூட்டிக் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுச்சாமி வெகு நேரம் அந்த முக்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லையாம். அன்றைக்குக் காப்பி குடிக்கவில்லை. பொடி போடவில்லை. காய்ச்சலும் இல்லை. வெயில் தாழ்ந்து காற்றுகூட அடித்ததாம். சும்மாதான் கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தன் மணிக்கட்டைத் தானே பிடித்துப் பார்த்திருக்கிறார்.

நூற்று நாற்பது.

ராவ்சாகிபின் விஞ்ஞானத்தைக் கேலி பேசுகிறவர்களுக்குச் சொல்ல இது ஒன்று போதும். அந்த மூன்றே முக்கால் மாதத்தில் அது ஒரே ஒரு பொய்யனையாவது சரியாகக் கண்டுபிடித்தது. ரிஜிஸ்தரில்தான் அவன் பேர் ஏறவில்லை. எழுதுகிற வேலையில் அவனை நிரந்தரமாக்கி விட்டார்களே!